மெர்சியின் முகத்தில் விழுந்த கோடுகள்

பாச்சை உருண்டை வாசனை பலருக்குப் பழைய பீரோவை நினைவூட்டலாம். எனக்கு நினைவுக்கு வருவது செம்பூரில் எங்கள் காலனியின் பொது ஹாலும், மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணியும், ஜன்னல்களை மறைத்து ஆணியில் தொங்கிய கம்பளிகளும்தான். பம்பாயில் கம்பளிக்கு வேறு வேலை கிடையாது. டிரங்குப் பெட்டிகளில் கிடந்த அவற்றையும், "ரஜாய்" என்று நாங்கள் இந்தியில் சொன்ன பஞ்சுப் போர்வைகளையும் வீடு வீடாக வாங்கி வந்து, வெளிச்சம் புகும் இடுக்கையெல்லாம் இரண்டாம் மாடி நாராயணன் மாமா அடைப்பார். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த அவருக்கு ஒரு சினிமா கிளப்பிலிருந்து பழைய அமெரிக்கப் படங்களின் வீடியோ கேசட்டுகள் கிடைக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் குற்றக் கதைகள். மாமா அவற்றை "ஃபிலிம் நுவார்" என்பார். நாங்கள் "நிழல் படம்" என்போம்.

ஆங்கிலம் பாதிகூடப் புரியாத பன்னிரண்டு வயதில் அந்தப் படங்களின் சட்டதிட்டங்கள் மட்டும் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. ஆரம்பத்திலேயே ஓர் ஆணின் குரல் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்; அவன் தோற்றுப்போனவன் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். தெரு எப்போதும் மழையில் நனைந்து கிடக்கும். தொப்பி போட்ட துப்பறிவாளனைத் தேடி ஓர் அழகி வருவாள், உதவி கேட்பாள், கடைசியில் அவனுக்குக் குழி பறித்தவளே அவள்தான் என்று தெரியும். ஜன்னலின் பட்டைத் திரை வழியே அவள் முகத்தில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். அவள் சிகரெட்டைப் பற்றவைக்கும்போது ஹாலில் மாமிகள் "சீ" என்பார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். எனக்கு அந்த அழகியாக வேண்டும் என்றிருந்தது.

ஜூன் மாதம் காலனி ஆண்டு விழாவுக்காக நானே ஒரு நிழல் நாடகம் எழுதினேன். காணாமல்போன நெக்லஸைக் கண்டுபிடித்துத் தரும்படி துப்பறிவாளனிடம் வருகிற பெண்ணே அதைத் திருடியவள் என்பது கதை. மாமா படித்துவிட்டு "பலே" என்றார். காலியான மாம்பழப் பெட்டி ஒன்றின் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, பின்னால் மேஜை விளக்கை வைத்ததும், ஹால் சுவரில் அந்தப் படங்களின் கோடுகள் அப்படியே விழுந்தன.

முதலில் நான் போய் நின்றேன். மாமா "ம், சரி" என்றார். அடுத்து மெர்சி நின்றாள்.

மெர்சி எதிர் பில்டிங். பள்ளியில் என் பெஞ்ச். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிவந்தவர்கள். நீளமான கழுத்தும் ஒட்டிய கன்னமும் கொண்ட அவளை அதுவரை யாரும் அழகி என்று சொன்னதில்லை. அந்தக் கோடுகளுக்குள் அவள் முகத்தைத் திருப்பியபோது மாமா மேஜை விளக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு, "அப்படியே இரு, அசையாதே. இவதான் அந்தப் பொண்ணு" என்றார். என்னைப் பார்த்து, "கதை எழுதினவ நீ, துப்பறியறவனும் நீயே இரு" என்று சமாதானம் சொன்னார்.

"வயித்தெரிச்சலுக்கு எந்தக் கடையிலயும் மருந்து கிடையாது" என்று அம்மா அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொல்வாள். அந்த வாரம் எனக்கும் கிடைக்கவில்லை. ஒத்திகையில் மெர்சி ஒரு சாக்பீஸை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துப் புகை ஊதுவதுபோல் உதட்டைக் குவிப்பாள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் அப்பாவின் மழைக்கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நிற்பேன்.

நான்காம் நாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். மெர்சி டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ரோஸ் ஆன்ட்டி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, டிராமால மெர்சி சிகரெட் பிடிக்கறா."

"என்னது? எம் பிள்ளையா?"

"ஆமா ஆன்ட்டி. எல்லார் முன்னாலயும்."

சாக்பீஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன். நிழல் படங்களில் கூட இருந்தே காட்டிக்கொடுக்கிற ஆள் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுநாள் ரோஸ் ஆன்ட்டி மாமாவிடம் வந்து, "எம் பிள்ள ஸ்டேஜ்ல ஏற வேண்டாம் சார்" என்றார், காரணம் சொல்லவில்லை. அழகி வேஷம் எனக்கு வந்தது. துப்பறிவாளனாக மூன்றாம் மாடி கிரீஷைப் போட்டார்கள். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசினால் "அதாவது" என்பதற்கு வரிக்கொரு இந்தி "மத்லப்". தலையில் கைவைத்த மாமா, "இவன் வாயே திறக்க வேண்டாம், குரல் திரைக்குப் பின்னாலேர்ந்து வரட்டும்" என்றார். காலனிப் பிள்ளைகளில் தினமும் வீட்டு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தை உரக்க வாசித்துப் பழகியவள் ஒருத்திதான் இருந்தாள். குரல் மட்டும் என்றதால் ரோஸ் ஆன்ட்டியும் சம்மதித்தார்.

விழா மாலையில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் கோடுகளுக்குள் நின்றேன், முகத்தைத் திருப்பினேன், சாக்பீஸை ஊதினேன். திரைக்குப் பின்னாலிருந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத அடித்தொண்டைக் குரலில், மெர்சி என் கதையைச் சொன்னாள். ஹால் மூச்சுவிடாமல் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்களின் கண்கள் என்னைத் தாண்டி, குரல் வந்த திரையின் மேல் இருந்தன. முடிந்ததும் மாமிகள் என்னிடமே வந்து, "அந்தக் குரல் யாருதுடி?" என்று கேட்டார்கள். ரோஸ் ஆன்ட்டி என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா நின்னம்மா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அவர்கள் நவி மும்பையில் கோபர்கைரனேக்குக் குடிபோனார்கள்.

போன மாதம் பழைய பில்டிங்குகளை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் செம்பூருக்குப் போனபோது, அதே வேலையாக மெர்சியும் வந்திருந்தாள். ஹாலைச் சுற்றி ஏற்கெனவே நீலத் தகரம் அடித்திருந்தார்கள். நாராயணன் மாமா காலமாகிப் பல வருஷமாயிற்று. எதிர்ப்பக்கக் கடையில் டீ குடிக்கும்போது, அன்றைக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நாற்பது வயதுக்கு மேல் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அது அன்னைக்கே தெரியும். ராத்திரியே அம்மா சொல்லிட்டாவ."

"அப்போ அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா கதை நல்லா இருந்துச்சுல்லா. அதை வாசிக்கது எவ்வளவு பிடிச்சுது தெரியுமா எனக்கு? சண்டை போட வாயே வரல."

பிறகு, டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, முதல் பக்கத்தை அப்படியே சொன்னாள், அதே அடித்தொண்டைக் குரலில். நல்ல வரிகள்தான். நான் எழுதியவை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியாது. அதிலிருந்து ஒரு வரிகூட என் நினைவில் தங்கவில்லை. மெர்சியின் முகத்தில் அன்றைக்கு எத்தனை கோடுகள் விழுந்தன என்று யாராவது கேட்டால் மட்டும் இப்போதும் எண்ணிச் சொல்லிவிடுவேன்.