கன்னத் தாங்கி வாங்கப் போனோம்

இன்று தங்கை சபீனாவுடன் சேலையூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

கல்லூரி அணிக்காக ஏர் ரைஃபிள் சுடுகிறவள். தாடையிலிருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்த பிறகு வலது கன்னம் ஒடுங்கிவிட்டது. துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால் கண் குறிக்கு நேராக வருவதில்லை. அதனால்தான் ஏற்றி இறக்கக்கூடிய கன்னத் தாங்கி தேடினோம்.

கடைக்காரர் துப்பாக்கியில் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா."

ஏற்றினார். "இப்ப கண்ணு நேரா வருதாம்மா?"

"வருதுண்ணா!"

அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகிறது. தலையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, கன்னம் பட்டுச்சா இல்லையான்னே தெரியல. மரத்துப் போயிருக்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே எடத்துலதான் வெச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்பாஞ்ச் வைத்த இன்னொன்றையும் மாட்டிப் பார்த்தார். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"இதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா" என்றார், எங்களைப் பார்க்காமல்.

தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இடது கன்னத்துக்கு மாறிச் சுடப் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள். "எல்லாம் சரியாயிடும்" மட்டும் வேண்டாம். அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே நிறைய ஸ்டாக் இருக்கிறது.