சத்தமில்லாத கடல்

பொதுத்தேர்வுப் பயத்தைப் போக்கப் பயிற்சி கொடுக்க, கோட்டைப்பட்டினத்தில் எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சட்டை. பேசும்போதெல்லாம் தன் மணிக்கட்டில் தானே நாடி பிடித்துக்கொண்டிருப்பார்.

"கண்ண மூடுங்க. நடுக்கடல்ல போட்டுல இருக்கீங்க. ஒரு சத்தமும் இல்ல. மூச்ச மெதுவா விடுங்க."

எனக்கு மூச்சே வரவில்லை. காலையிலேயே கரை திரும்பியிருக்க வேண்டிய என் தந்தையின் படகு அன்று இன்னும் வரவில்லை. அழுதுவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"கடல்ல சத்தம் இல்லன்னா இன்ஜின் நின்னு போச்சுன்னு அர்த்தம் சார். எங்க அத்தா இன்னும் வரல."

அவர் முகம் வெளுத்தது. "எனக்குக் கடல் தெரியாதும்மா. இன்ஜின் சத்தம் எப்புடி இருக்கும்?"

"டப்பு டப்பு டப்புன்னு..." நான் சொல்லச் சொல்ல வகுப்பே சேர்ந்துகொண்டது. மூச்சு திரும்பியது; பயம் போகவில்லை.

பள்ளி விட்டதும் படகுத்துறைக்கு ஓடினேன். எப்போதோ பஸ் ஏறியிருக்க வேண்டிய அவர், நாடியைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றார். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது.

"எங்க போட்டுதான் சார்!"

அப்போதுதான் பிடியை விட்டார். மணிக்கட்டில் விரல்தடங்கள் சிவந்திருந்தன. எங்கள் பயத்தைப் போக்க வந்தவர், அவற்றைச் சட்டைக்கையை இழுத்து மறைத்துக்கொண்டார்.