கொள்ளுக்கு மேலே ஏறிய சிவப்புக் கார்

என் பழைய கார் செத்துப்போனது ரெட்டிபாளையத்துக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில். இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அழ வேண்டிய நேரத்தில் சிரித்தால் நன்றாக இருக்காது என்று துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டேன். நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கே ஒரு சிமெண்டு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. வீடு பெரம்பலூரில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆலைக்குள் நுழைந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் குக்கர் விசில் அடிக்கும். நடுவில் காருக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தை இத்தனை வருடமாக ஒரு தகர டப்பாவில் உட்கார்ந்து, லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே கழித்திருக்கிறேன். போதும். நாற்பது வயது தாண்டிவிட்டது, எனக்கு ஒரு வேகமான கார் வேண்டும் என்று அந்த டீயைக் குடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு வேண்டியது வேறு கார். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை மூட்டை பிடிக்கும் என்றுதான் முதலில் யோசிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் என்னைவிட எங்கள் வீட்டு வராந்தாவைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்பது என் நெடுநாள் குற்றச்சாட்டு. இன்றுவரை அவர் மறுக்கவில்லை.

அவர் கண்டுபிடித்தது நாலு ரோட்டுப் பக்கம் ஷோரூமில் நின்ற ஒரு புது வெள்ளைக் கார். ஐந்து கதவு, அகலமான டிக்கி, பின்சீட்டுக்கும் ஏசி. பக்கவாட்டில் சிவப்புக் கோடு, சீட்டில் சிவப்புத் தையல், பின்னால் இரட்டைப் புகைக்குழாய்.

"பாத்தியா, இதுவும் ஸ்போர்ட்ஸ் மாடல்தான். நீ கேட்டதும் ஆச்சு, நமக்கு உதவுனதும் ஆச்சு" என்றார்.

ஓட்டிப் பார்க்கப் போனபோது இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தையும் கொண்டுவந்துவிட்டார். டிக்கியில் ஏற்றி, கதவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். ஷோரூம் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்காய வாசனையோடு துறைமங்கலம் வரை போய் வந்தோம். வேகத்தடையில் அலுங்காமல் ஏறி இறங்கியது. எங்கேயும் திணறவில்லை. கீழே இறங்கியதும், "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன். சாம்பாரைப் பற்றிக் கேட்டாலும் இதே குரலில்தான் சொல்வேன்.

நான் கேட்ட மாதிரி ஒரு சிவப்புக் கார் வந்தது லப்பைக்குடிக்காட்டிலிருந்து. என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் துபாயில் வியாபாரம் செய்கிறார். ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்கென்று ஆசையாக வாங்கி, வருடத்தில் பாதி நாள் ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார். இனி குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொள்வதால் விற்றுவிட நினைத்தார். தானே ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சாவியை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்களே ஓட்டிப் பாருங்க. இதைப் பத்தி வாயால சொன்னா வெளங்காது."

கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. டிக்கியைத் திறந்து பார்த்த என் வீட்டுக்காரர் படாரென்று மூடினார். மூடிய சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. நான் உள்ளே உட்கார்ந்தேன். சீட்டு இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் வந்த உறுமலைக் கேட்டு எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. இன்னொரு தடவை உறுமவிட்டுப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்திலும், நண்பர் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டும் உட்கார்ந்தார்கள். பேரளி தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு, இரண்டு காலி டிரெய்லரைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு போனது. பழைய காரில் இந்த இடத்தில் நான் ஏசியை அணைத்துவிட்டு, சாமியையும் கும்பிட்டுக்கொண்டுதான் முந்துவேன். எதிரே சாலை காலியாக இருந்தது. மூன்றாவது கியரில் மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டர்போ விழித்துக்கொண்டது. முதுகு சீட்டில் அப்பிக்கொண்டது. டிராக்டர், டிரெய்லர், புளியமரம் எல்லாம் பின்னால் போய்விட்டன. நான் கத்தினேன். பயந்து கத்தியவர் என் வீட்டுக்காரர். நான் கத்தியது சந்தோஷத்தில்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பின்சீட்டில் இருந்தவர்.

இந்தக் கார்தான். அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

லாரிக்குப் பயந்து நான் வழக்கமாகப் போகும் கிளைச் சாலை ஒன்று உண்டு. அதிலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று திருப்பினேன். மாசி மாதம், கொள்ளு அறுத்து முடித்த நேரம். வேரோடு பிடுங்கிக் காய்ந்த கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் மேலே ஏறிப் போனால் பயறு தானாக உதிரும். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். ஏறிப் போனால் கும்பிடு போடுவார்கள். ஓரமாக ஒதுங்கிப் போனால் திட்டுவார்கள். ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, "வா வா" என்று கையை ஆட்டினார். இருந்த உற்சாகத்தில் நான் யோசிக்கவே இல்லை. நேராக ஏற்றினேன்.

காருக்கு அடியில் சரசரவென்று சத்தம். பிறகு கரகரவென்று சத்தம். பிறகு தீய்ந்த வாடை.

"நிறுத்துங்க தங்கச்சி, நிறுத்துங்க! சைலன்சர் சூட்டுல தீப்புடிச்சிரும்!"

செடிக் குவியலைத் தாண்டி நிறுத்திக் குதித்து இறங்கினோம். காரின் வயிறு முழுக்கக் கொள்ளுச் செடி சுற்றிக்கொண்டு, பின்னால் ஒரு பொதி இழுபட்டுக் கிடந்தது. புகை இலேசாக வந்தது. அந்த அம்மா அரிவாளோடு ஓடிவந்து தரையில் படுத்து, செடியை அறுத்து அறுத்து இழுத்துப் போட்டார். நண்பர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். புகை அடங்கியதும் அந்த அம்மா எழுந்து புடவையை உதறினார்.

"ஏம்மா, வயிறு தரையில ஒட்டுற வண்டியை வச்சுக்கிட்டு எதுக்கு மேல ஏத்துன? வெள்ளாமையும் போயி வண்டியும் போயிருக்கும்ல?"

"நீங்கதானே கையைக் காட்டுனீங்க?"

"நான் எல்லாருக்குந்தான் காட்டுவேன். உனக்குப் புத்தி எங்க போச்சு?"

என் வீட்டுக்காரர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி.

"வெள்ளை வண்டியா இருந்தா ஜம்முன்னு தாண்டியிருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. நண்பர் தலையைக் குனிந்துகொண்டார், கார் கைமாறாது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். நானும் ஒரு கணம் விட்டுக்கொடுக்கப் பார்த்தேன். வெள்ளைக் காரில் உட்கார்ந்து நாளைக்கு இதே சாலையில் போவதை நினைத்துப் பார்த்தேன். வெங்காய வாசனைதான் ஞாபகம் வந்தது.

"வருசத்துல ரெண்டு மாசந்தான் கொள்ளு. அந்த ரெண்டு மாசமும் நான் ஓரமாப் போயிக்கிறேன்" என்றேன்.

"ஓரமாப் போனா நாங்க திட்டுவோம்ல?" என்றார் அந்த அம்மா.

"திட்டுங்க. நான் கேட்டுக்கிறேன். எனக்கு இந்தக் கார்தான் வேணும்."

நடுரோட்டில், கொள்ளுத் தூசியோடு, கிட்டத்தட்டக் கத்திச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீ எதுக்கும் இப்படி அடம் புடிச்சதில்லயே" என்றார். பிறகு நண்பர் பக்கம் திரும்பி, "மாப்ள, டிக்கி ரொம்பச் சின்னதுடா. போவட்டும், மூட்டைக்குக் கடையில குட்டியானை வண்டி இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் பூசை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திங்கட்கிழமை தனியாக ஆலைக்குப் போனேன். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டியதில் கன்னம் வலித்தது. கிளைச் சாலையில் ஓரமாக ஒதுங்கினேன். சொன்னபடியே அந்த அம்மா திட்டினார். கண்ணாடியை இறக்கி முழுசாகக் கேட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார்.

"பால் வாங்கிட்டு வரேன்."

பால் பூத் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. டிக்காஷன் ஆறிப்போய் நெடுநேரம் கழித்துத்தான் உறுமல் கேட்டது. வாசலுக்கு வந்தேன். அவர் தலை கலைந்திருந்தது, முகமெல்லாம் பல். கையில் பால் இல்லை. காரின் பின்னால் ஒரு கொத்துக் கொள்ளுச் செடி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் செடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அந்தம்மா கையைக் காட்டுச்சு" என்றார்.

சிரித்துச் சிரித்து நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியை மட்டும் தரவில்லை, விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு நானே உன்னை ஆலையில கொண்டுபோயி விட்டுட்டு வரவா? தினமும் தனியாப் போற" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

"வேணாங்க. அந்த ஒரு மணி நேரம் என்னுது. ஞாயித்துக்கிழமை நீங்க எடுத்துக்கங்க."