காயாத மரவள்ளி இலை

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய பிறகு வீணாகக் கிடக்கும் இலையை வெயிலில் காயவைத்துக் கொடுத்தால், மாட்டுக்குப் புண்ணாக்குக்கு ஈடான சத்து. பச்சையாகத் தின்றால் விஷம். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் மாடு வளர்க்கும் எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அன்று காலை வெட்டிவந்த இலையை வாசலில் பரப்பிவிட்டு, தடுப்பு எதுவும் வைக்காமல் குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், பக்கத்து வீட்டுப் பார்வதியக்காவின் சினைப்பசு அதைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டினேன். நாலடி நடந்து, கால் நடுங்கி, வாயில் நுரையோடு விழுந்துவிட்டது.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இதே மாடு முன்பு என் வாழைக்கன்றைத் தின்றதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. வேண்டுமென்றே விஷம் வைத்தேன் என்றுதானே லயத்து வீடுகள் எல்லாம் சொல்லும்? மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, "மாட்டைக் கட்டிப்போட்டா என்ன?" என்று நானே முதலில் பாய்வதற்குத் தயாராக நின்றேன். எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் மரங்களுக்கடியில் அவிழ்த்துவிட்டு மேய்ப்பதுதான் இங்கே எல்லாருக்கும் வழக்கம். என் மாடும் அப்போது அங்கேதான் எங்கேயோ திரிந்துகொண்டிருந்தது.

அக்கா ஓடிவந்தார். மாட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"உன் மாடு எங்கடி? அதுவும் தின்னுச்சா? முதல்ல போய்ப் பாரு லா!"

டாக்டர் வந்து ஊசி போட்டார். பசு பிழைத்து, கன்றும் போட்டது. நாக்கு நுனிவரை வந்திருந்த என் வார்த்தையை அன்று விழுங்கினேன். அது இன்னும் செரிக்கவில்லை.