எமன் போட்ட கண்டம்

கண்டம் என்றால் துண்டு என்பார்கள், உயிருக்கு வரும் ஆபத்து என்பார்கள், படித்தவர்கள் கழுத்து என்பார்கள். பட்டறையில் அது வேறு சங்கதி. தூக்குத் தண்டனைக் கைதியை ஆங்கிலத்தில் கண்டெம்ண்டு என்பார்களாம். உதவாத இயந்திரத்துக்கும் அதையே எழுதி வைத்தார்கள். எண்ணெய்க் கைக்காரர்களுக்கு அவ்வளவு நீளம் வாயில் நுழையுமா? வாலை நறுக்கிக் கண்டம் ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கண்டத்தைப் போடுகிற ஆய்வாளருக்குப் பட்டறை வைத்த பெயர் எமன். சுத்தியலால் வார்ப்பிரும்பைத் தட்டுவார். கணீரென்றால் பிழைத்தது, சொத்தென்றால் உள்ளே விரிசல், சிவப்புப் பெயின்ட். இப்போது பாழாய்ப்போன காது மந்தமாகி, கணீரும் சொத்தும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே தெரிந்தால் வேலை போகும். அதனால் எதைத் தட்டினாலும் கண்டம். உடைத்துப் போட்ட இரும்பு வந்து சாட்சி சொல்லவா போகிறது?

அப்படித்தான் அவருடைய சொந்தத் தங்கை புருஷன் ஓட்டிய லேத் இயந்திரத்துக்கும் சிவப்பு விழுந்தது. லேத் போனால் அதை ஓட்டியவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தங்கை ஓடிவந்து கத்தினாள்.

"அண்ணே, இன்னொரு தடவை தட்டிப் பாருண்ணே! உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? போய் உன் வேலையைப் பாரு."

கண்டமானதை ஓட்டியவனே முதல் அடி அடிக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டு மறுபடி ஓட்டிவிடுவானாம். மறுநாள் தங்கை புருஷன் சம்மட்டியை ஓங்கி அடித்தான்.

ஆய்வாளருக்கு லொட்டென்று ஏதோ கேட்டது, அவ்வளவுதான். ஆனால் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஸ்திரி வாயைப் பிளந்தார். இரும்பு கணீரென்று ஒலித்துவிட்டது என்பது அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

தங்கை புருஷன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் காதருகே வந்தான்.

"மச்சான், கேட்டுச்சா?"

கெஞ்சலாகத்தான் கேட்டான். கேட்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பான், இவர் போவார். அடப்பாவி மனுஷன்!

"நல்லாக் கேட்டுச்சு. சத்தமே சரியில்ல மாப்ள. இன்னும் அடி."

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய பிரிவைத்தான் எமன் தட்ட வருகிறார்.

அவன் அடித்தான். கண்ணீர் வழிய வழிய அடித்தான். கடைசியில் லேத்தின் அடிப்பகுதி பிளந்தது. ஆய்வாளர் குனிந்து, அந்தப் பிளவில் விரலை ஓட்டிக் காட்டினார்.

"பாத்தியா விரிசலை? நான் அப்பவே சொன்னேன்ல."