எண்ணெய் உறையாத அறை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் படித்தேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை தலைக்கு எண்ணெய் எடுக்கப் போனேன். புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. தேங்காயெண்ணெய் அடியிலிருந்து கழுத்துவரை வெள்ளையாக உறைந்திருந்தது. ரங்கூனில் மார்கழிக் குளிர் வந்தால் எல்லார் வீட்டிலும் உறைவதுதான். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் உருகிவிடும். ஆனால் அடுத்த அறைக்கு ஓடி அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று கால் தானாக எழுந்தது. அந்த அறையில் அடுப்பும் இல்லை, அண்ணியும் இல்லை.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பர்மாக்காரி. அண்ணனுக்கு நகரத்து நடுவில், பபேடானில் ஒரு கப்பல் ஆபீசில் எழுத்து வேலை. வீடு பசுண்டவுங் ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில், பலகையும் மூங்கில் தட்டியும் வைத்துக் கட்டியது. கல்யாணம் ஆகாத நானும் அவர்களோடுதான் இருந்தேன். அவள் புத்தருக்குப் பூ வைப்பாள், நான் மாதாவுக்கு வைப்பேன். ஒரே கட்டுப் பூவைத்தான் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். தமிழை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள், என் கூச்சத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சந்தையில் நான் விலை கேட்கத் தயங்கி நின்றால், “ஞீமா, உன் வாய என்ன வாடகைக்கு விட்டியா?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போடுவாள். ஞீமா என்றால் தங்கை. என்னை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அண்ணிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் மாதம் நிறையாமல் பிறந்து தங்காமல் போயின. மூன்றாவது, ஒரு பெண், ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. தொண்ணூறுகள் தொடங்கிய சமயம், நல்ல குளிர்காலம். ஆஸ்பத்திரியில் இருந்த சூட்டுப் பெட்டியில் ஏற்கனவே இரண்டு பிள்ளைகளை நெருக்கிப் படுக்கவைத்திருந்தார்கள். சில நாள் பஞ்சு சுற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த வயதான நர்ஸ் அண்ணியின் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள்: “குளிரவும் கூடாது, வேகவும் கூடாது. அறை ஒரே சீரா இருக்கணும்.” சொல்வது சுலபம். எங்கள் பக்கம் மின்சாரம் ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. பல்புச் சூட்டை நம்பிக் கோழிக்குஞ்சைக்கூட வைக்கமுடியாது.

பிள்ளை பெற்றவளை நெருப்புப் பக்கத்தில் படுக்கவைத்து அறையைக் காற்றுப் புகாமல் அடைப்பது பர்மாக்காரர் வழக்கம். பச்சை உடம்புக்கு வாடைக்காற்று ஆகாது என்பது நம் வழக்கம். இரண்டு வழக்கமும் எங்கள் வீட்டில் கைகோர்த்துக்கொண்டன. தட்டியில் இருந்த ஒவ்வொரு இடுக்கிலும், ஜன்னலிலும் நானும் அண்ணியின் உறவுப் பெண்களும் கஞ்சிப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டினோம். நடுவில் வாளி நிறையக் கரி நெருப்பு. அன்று பிற்பகலில் நான் சூப்பு எடுத்துக்கொண்டு உள்ளே போனால், அண்ணி வாயோரம் எச்சில் வழியச் சாய்ந்து கிடந்தாள். பிள்ளையின் உதடு நாவற்பழ நிறம். வாய் திறந்து பேசாத நான் அன்றைக்குப் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டோம். அண்ணி கண் விழித்ததும் முதலில் சொன்னது, “வெளியில கொண்டு வந்திட்டியா? குளிரும், குளிரும்” என்பதுதான். மூடினால் புகை கொல்லும், திறந்தால் குளிர் கொல்லும். இதற்கு நடுவில் ஒரு கைப்பிடி அளவு பிள்ளை. அன்றைக்கு அண்ணன் வாசலில் உட்கார்ந்து, ஆபீஸ் சட்டையைக் கழற்றாமல், தலையைச் சுவரில் மெள்ள மெள்ள இடித்துக்கொண்டிருந்தார்.

எந்த அடுப்பு என்பதுதான் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. மரத்தூளை இறுக்கி வைக்கிற அடுப்பைப் பார்த்தோம். அது பற்றிக்கொண்டால் தீருகிறவரை அடக்கமுடியாது. கடைசியில் அண்ணியின் அண்ணன் ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினிலிருந்து பஸ் கூரையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. உமியை அழுத்திச் சுண்டுவிரல் துண்டுபோல் செய்து எரிப்பார்களாம். எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, மேலே சாய்வாக ஒரு தகரக் குழல் வைத்திருந்தார். குழலில் உமித்துண்டுகளை நிரப்பினால் அவை தாமே வழுக்கி இறங்கும். நடுவில் ஒரு தகடு. அதை இழுத்தால் துண்டுகள் கூடுதலாக விழுந்து சூடு ஏறும், தள்ளினால் தணியும். புகை போக ஒரு குழாய் தட்டியைத் துளைத்து வெளியே போயிற்று. “இதுவும் உன் பிள்ளை மாதிரிதான்மா. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும், அவசரப்பட்டா கக்கிடும்” என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

சூடு எவ்வளவு என்று பார்க்க எங்களிடம் கருவி ஏது? என் தலை எண்ணெய்ப் புட்டியைத்தான் அண்ணி பிள்ளையின் தலைமாட்டில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். எண்ணெய் மங்கினால் தகட்டை இழு, தெளிந்தால் விடு. அவள் கண் அந்தப் புட்டியை விட்டு நகராது. சாப்பிடும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். அவள் கண் அசந்தால் நான் பார்ப்பேன். என் செபமாலை எல்லாம் அந்தப் புட்டியைப் பார்த்துச் சொன்னதுதான்.

பிறகு ஒரு நாள், பருவம் தப்பி மழை பெய்தது. வெளியே இருந்த மூட்டை நனைந்தது தெரியாமல் அள்ளிப் போட்டதில், உமித்துண்டுகள் ஊறிக் கஞ்சிபோலக் குழலில் அடைத்துக்கொண்டன. விடியும்போது அடுப்பு செத்துக் கிடந்தது. புட்டியில் எண்ணெய் பால்போல் ஆகிக்கொண்டிருந்தது. அண்ணி பிள்ளையைத் தன் சட்டைக்குள் விட்டு, மாரோடு சேர்த்துச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “ஞீமா, நீ அத சரி பண்ணு. அதுவரைக்கும் நான்தான் அடுப்பு” என்றாள். குடைக்கம்பி ஒன்றை ஒடித்து, ஊறிய உமியை நோண்டி நோண்டி எடுத்தேன். விரல் நகமெல்லாம் கிழிந்துவிட்டது. மிச்சமிருந்த துண்டுகளில் காய்ந்ததாகப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அண்ணி பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, பெயரே வைத்திருக்கவில்லை. வைத்தால் போய்விடும் என்ற பயம். “இரு, இரு, இரு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் யாரிடம் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளை இருந்தது. தை போய் மாசியும் போயிற்று. தெருவில் தார் இளக ஆரம்பித்தது. அண்ணி அடுப்பை அணைக்கவில்லை. ஒட்டிய காகிதம் ஒட்டியபடி, கதவு மூடியபடி. அண்ணன் கெஞ்சினார். “காலையில குளிருது” என்பாள். குளிரவில்லை. வெயில் காலத்தில் பகலில் வீட்டுக்குள் நெருப்பு எரியக்கூடாது என்று எங்கள் வட்டாரத்தில் கட்டுப்பாடு. தட்டி வீடுகள், ஒரு பொறி போதும். வட்டாரத் தலைவர் தீப்பிடித்த கூரையை இழுத்துப் போடுகிற கொக்கிக் கழியோடு வந்து நின்றார். அறைக் கதவைத் திறந்தவர், “இது என்ன மகளே, ரொட்டிக் கடையா?” என்று முகத்தைத் துடைத்தபடி பின்வாங்கினார்.

அண்ணி அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். “நெருப்பை எடுத்தா பிள்ள போயிடும். ரெண்டு போச்சு. கழியால என்னையும் இழுத்துப் போடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்தது நான்தான். உடம்பெல்லாம் வேர்க்குரு. வாயைத் திறந்து, பாலுக்குக்கூடத் தலையைத் திருப்பாமல், துவண்டு கிடந்தது. நூலை அறுத்துப் புட்டியை எடுத்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்தேன். எண்ணெய் தண்ணீர்போல இருந்தது, கண்ணாடி சுட்டது.

“அண்ணி, பிள்ள வேகுது” என்றேன்.

“இது பொய் சொல்லும் ஞீமா. நாளைக்கு உறைஞ்சிரும்.”

“வேகவும் கூடாதுன்னு அந்த நர்ஸ் சொன்னாங்களே அண்ணி!”

அவள் பதில் சொல்வதற்குள் நான் ஜன்னல் காகிதத்தைக் கிழித்தேன். வட்டாரத் தலைவர் இருக்கிறார், அக்கம்பக்கம் பார்க்கிறது என்ற கூச்சம் எங்கே போயிற்றோ தெரியாது. அண்ணி என் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். அடிக்கட்டும் என்று நான் கிழித்துக்கொண்டே இருந்தேன். பசுண்டவுங் ஓடைப் பக்கத்துக் காற்று, சேற்று வாசனையோடு உள்ளே வந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. அப்புறம் அழுதது. அதுவரை பூனைக்குட்டிபோல முனகிய பிள்ளை, தெருமுனை வரை கேட்கிற மாதிரி அழுதது. அண்ணியின் கை என் முதுகிலேயே நின்றுவிட்டது.

அவள் அடுப்பை ஒரேயடியாக அணைக்கவில்லை. தகட்டை ஒரு விரல் அளவு தள்ளினாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு விரல். வட்டாரத் தலைவர் கழியைச் சுவரில் சாத்திவிட்டு, சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசித் துண்டு சாம்பலான பிறகுதான் எழுந்து போனார். மறுநாள் அண்ணி பிள்ளைக்குப் பெயர் வைத்தாள்.

அந்தப் பெண் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். பேசும்போது, “அத்தை, ஆபீஸ் ஏசியில எனக்குக் குளிரவே மாட்டேங்குது, மத்தவங்கதான் நடுங்குறாங்க” என்று சிரிக்கிறாள். அண்ணனும் போய்விட்டார், போன மழைக்காலத்தில் அண்ணியும் போய்விட்டாள். கடைசி நாட்களில் அவள் கால் ஜில்லென்று ஆனபோது நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். “இரு, இரு” என்றுதான் எனக்கும் வந்தது. வேறு செபம் வரவில்லை.

இன்று புட்டியை வெயிலில் வைக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதினேன். இப்போது எடுத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் இளகிவிட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நிற்கிறது.

இதில் தவறு இருக்கும். புகைக்குழாய் போனது ஓடைப் பக்கமா தெருப் பக்கமா என்று எனக்கு நிச்சயமில்லை. மழை பெய்தது தையிலா மாசியிலா என்பதும் குழப்பம். அண்ணியின் அண்ணன் தன்லியினில் இன்னும் இருந்தால், யாராவது அவருக்கு இதைப் பர்மா பாஷையில் வாசித்துக் காட்டித் திருத்தி வாங்குங்கள். அண்ணி என்னை எத்தனை அடி அடித்தாள் என்பதை மட்டும் கேட்க வேண்டாம். அது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது.