மச்சானுக்கு வலித்தால்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. கூட்டாளிகளெல்லாம் நீட் கோச்சிங்குக்குப் போக, நான் மட்டும் சங்ககிரியில் பஸ் ஏறி திருச்செங்கோட்டில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்தபோது, "எங்கூட ஆராய்ச்சி பண்ண யாருக்கு இஷ்டம்?" என்று கேட்டிருந்தார். யோசிக்கும் முன்பே என் கை மேலே போய்விட்டது. எனக்கு அவசரபுத்தி. வீட்டில் எல்லாரும் சொல்வதுதான்.

முதல் நாள் ஒரே ஆளின் கை எக்ஸ்ரே இரண்டைக் காட்டினார். ஒன்று உடைந்த அன்று எடுத்தது, இன்னொன்று வெகுநாள் கழித்து. "ரெண்டாவதுல எங்க உடைஞ்சதுன்னு காட்டு." கண்ணைச் சுருக்கித் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. "தோல் கிழிஞ்சா தழும்பு நிக்கும். எலும்பு பழையபடி எலும்பாவே வளர்ந்துக்கும்" என்றார். எனக்கு மெய்யாகவே சிலிர்த்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முழங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "அடி பட்டுருச்சா சாமி?" என்று விசாரித்தார்.

எங்கள் ஆராய்ச்சி வலியைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் சில பேருக்கு உள்ளே வீங்கும். சதையைச் சுற்றி விறைப்பான ஓர் உறை இருக்கிறது. அது விரிந்து கொடுக்காது. ரத்த ஓட்டம் நின்று சதை செத்தால், கால் போய்விடும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. முதலில் காட்டிக்கொடுப்பது வலிதான். அதனால் சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை படம் போட்ட ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நான் கட்டில் கட்டிலாகப் போவேன். அவரவர் வலிக்குத் தகுந்த மூஞ்சியைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களிடமா இது நடக்கும்? பசியோடு வந்தவரைச் சாப்பிடச் சொன்னாலும் "இப்பத்தானுங்க ஆச்சு" என்பார்கள். கை முறிந்த ஒரு அம்மா கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டார். "டாக்டரம்மா இத்தன பாடுபட்டுப் பாக்கறாங்க. வலிக்குதுன்னா அவங்க மனசு சங்கடப்படுமில்லீங்க?" எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே போனால் ஆராய்ச்சி விளங்கிய மாதிரிதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிற ஒரு அண்ணனைக் கொண்டு வந்தார்கள். ஒரு தோட்டத்தில் போர் போடும்போது பைப் சரிந்து காலில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் அட்டையோடு போனேன். தயங்காமல் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டார்.

ஆனால் நெற்றியெல்லாம் வேர்வை. அவர் சம்சாரம் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. கட்டில் கம்பியை அவர் பிடித்திருந்த பிடி எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்ணா, நெசமாச் சொல்லுங்க."

"பரவால்லீங்க சாமி. டாக்டரம்மா இப்பத்தான் சாப்பிட உக்காந்திருப்பாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதே பேச்சைத்தான் என் அப்பாவும் பேசுவார். தனக்கென்றால் வாய் திறக்க மாட்டார். அடுத்தவருக்கென்றால் ஊரையே கூட்டிவிடுவார். அந்த நினைப்பில் அட்டையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "செரிங்ணா. உங்க மச்சான் இந்தக் கட்டில்ல இதே வலியோட கெடந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் தன் சம்சாரத்தை ஒருமுறை பார்த்தார். அந்த அக்காவின் கூடப்பிறந்தவனைப் பற்றியல்லவா பேச்சு. "அவனா இருந்தா அப்பவே தூக்கிட்டு ஓடியிருப்பனுங்க" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

நான் ஓடினேன். டாக்டரம்மா சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு அப்படியே வந்தார். குனிந்து அந்த அண்ணனின் கால் கட்டைவிரலை லேசாக மேலே வளைத்தார், அவ்வளவுதான். அந்த மனுஷன் துண்டை வாயில் கடித்துக்கொண்டார். உடனே மாவுக்கட்டை வெட்டிப் பிரித்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய்விட்டார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. கால் இருக்குமா போகுமா என்று பதினோராம் வகுப்புப் படித்த பெண்ணிடம் போய்க் கேட்டார். நானும் அவர் கையை விடவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். உறையைத் திறந்துவிட்டதும் வெளிறிக் கிடந்த சதை கண்ணெதிரே சிவந்து வந்ததாம். "எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புதுசாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் என் கக்கத்திலிருந்த அட்டையை உருவிக்கொண்டார். "நாளையிலிருந்து எல்லார்கிட்டயும் மச்சானைப் பத்தியே கேளு."

மறுநாள் காலையில் அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் போனேன். பெரிய கட்டுக்கு வெளியே ஐந்து விரலும் தெரிந்தன. "ஆட்டுங்ணா" என்றேன். கட்டைவிரல் மெதுவாக மேலே எழுந்து இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைவிடப் பெரிய அதிசயத்தை இன்று வரைக்கும் நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகிற புள்ளை என்று நினைத்துவிடப் போகிறார் என்று வேகமாக, "மச்சானுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பசிக்குதுங்க சாமி" என்றார்.